அமெரிக்கக் கல்லூரி சொராரிட்டியில் சேர ஆர்வம் தெரிவிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

சொராரிட்டி எனும் கல்லூரிப் பெண்கள் சங்கத்தில் சேர ஆசை இருக்கிறது, அதை யாரிடம் போய்ச் சொல்வது? அமெரிக்காவில் இளங்கலை படிக்கப் போகும் பெண்கள் கேட்கும் இந்தக் கேள்விக்கு ஒற்றை வரியில் பதில் கிடையாது. ஒரு வகைச் சங்கத்தில் இணையத்தில் பதிவு செய்து, பெயர் அட்டை குத்திக்கொண்டு, ஊரறிய வரிசையில் நிற்க வேண்டும். இன்னொரு வகையில் அப்படி ஊரறியச் சொன்னாலே கதை முடிந்துவிடும். மூன்றாவது வகையில் இன்ஸ்டாகிராமில் நாலு வரி அனுப்பினால் போதும். ஒன்றுக்குரிய முறையை இன்னொன்றில் போய்ச் செய்வதுதான் வெளிநாட்டிலிருந்து வரும் மாணவிகளுக்கு நடக்கும் பெரிய சறுக்கல். ஆகவே சேரும் வழியை அந்த மூன்றாகவே பிரித்துச் சொல்கிறேன்.

முதலில்: நீங்கள் சேர முடியுமா?

கிரேக்க எழுத்துகளைப் பெயராகச் சூட்டிக்கொண்டு, தன் உறுப்பினர்களைத் தானே தேர்ந்தெடுக்கும் பெண்கள் சங்கம்தான் சொராரிட்டி. ஜார்ஜியா மாநிலம் மேக்கன் நகரில் உள்ள வெஸ்லியன் கல்லூரியில் 1851-ல் தொடங்கிய ஒரு சங்கம்தான் இன்றைய ஆல்ஃபா டெல்டா பை. அவ்வளவு பழைய வழக்கம் இது. தலைமை அமைப்பு நாடு முழுவதற்கும் ஒன்று. ஒவ்வொரு கல்லூரியிலும் இருக்கும் கிளைக்கு சாப்டர் என்று பெயர். பெரிய சாப்டர்களுக்குச் சொந்த வீடு, சமையல்காரர், நிர்வாகி எல்லாம் உண்டு. சின்ன சாப்டர்கள் நூலக அறையை முன்பதிவு செய்து கூட்டம் போடும்.

இது இளங்கலை மாணவிகளுக்கான ஏற்பாடு. நம் ஊரிலிருந்து அமெரிக்கா போகிறவர்களில் பெரும் பகுதி எம்.எஸ். மாணவர்கள். அவர்களுக்குக் கல்லூரிச் சாப்டர்களில் பெரும்பாலும் இடம் கிடையாது. பட்டம் முடித்தவர்களைச் சேர்க்கும் பட்டதாரிச் சாப்டர்கள் கறுப்பினப் பெண்களின் சங்கங்களில் வலுவாக உண்டு. அந்தச் சங்கங்களைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

எஃப்-1 எனும் மாணவர் விசா இதற்குத் தடையே இல்லை. சங்கத்தில் சேர்வது வேலை பார்ப்பது ஆகாது. இளங்கலை மாணவி செமஸ்டருக்குக் குறைந்தது 12 கிரெடிட் எடுத்து முழுநேரப் படிப்பில் இருக்க வேண்டும் என்ற விதி எப்போதும் போலத்தான். சங்கங்களும் ஜிபிஏ, அதாவது நான்குக்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண், கேட்கும், பெரும்பாலும் 2.5-க்கும் 3.0-க்கும் இடையில் ஒரு கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தால் வேறு எதையும் பார்க்காமலே பெயரை நீக்கிவிடுவார்கள்.

கல்லூரியில் என்னென்ன இருக்கின்றன என்று பாருங்கள்

சொராரிட்டிகள் உள்ள பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் ஃபிராட்டர்னிட்டி (ஆண்கள் சங்கம்), சொராரிட்டி விவகாரங்களுக்கென ஓர் அலுவலகம் இருக்கும். அதன் இணையப் பக்கத்தில் அங்கீகரிக்கப்பட்ட சாப்டர்களின் பட்டியல், கவுன்சில் (சங்கங்களின் கூட்டமைப்பு) வாரியாக இருக்கும். அதில் இல்லாத பெயர் உங்கள் காதில் விழுந்தால் அது தடை செய்யப்பட்ட சாப்டராக இருக்க வாய்ப்புண்டு. கிட்டவே போகாதீர்கள்.

பட்டியலில் முக்கியமாக மூன்று தொகுதிகள். 1902-ல் உருவான நேஷனல் பான்ஹெலெனிக் கான்ஃபரன்ஸைச் சேர்ந்த சங்கங்கள். திரைப்படங்களில் வரும் பெரிய வீடு, பெரிய கூட்டம் எல்லாம் இவைதான். 1930-ல் வாஷிங்டனின் ஹாவர்ட் (Howard) பல்கலைக்கழகத்தில் உருவான நேஷனல் பான்-ஹெலெனிக் கவுன்சிலின் கறுப்பினச் சங்கங்கள். டிவைன் நைன் என்பது இவற்றுக்குப் பட்டப்பெயர். மூன்றாவதாக, தெற்காசிய, ஆசிய, லத்தீன் சங்கங்களும் துறை சார்ந்தவையும் அடங்கிய பல்பண்பாட்டுத் தொகுதி. முதலிரண்டின் பெயரும் ஒன்றுபோல ஒலிப்பதால் அமெரிக்கர்களே குழம்புவார்கள். இடையில் கோடு போட்ட பான்-ஹெலெனிக் கறுப்பினச் சங்கங்களுடையது.

வழி ஒன்று: பான்ஹெலெனிக் சங்கங்கள்

இங்கே ஆர்வம் தெரிவிப்பது என்றால் பதிவு செய்வதுதான். எந்தச் சங்கத்துக்கும் தனித்தனியாக விண்ணப்பம் கிடையாது. ஒரே பதிவு, ஒரே கட்டணம், வளாகத்தில் உள்ள எல்லா சாப்டர்களையும் பார்த்துவிடலாம். இந்தத் தேர்வுக் காலத்துக்கு ரெக்ரூட்மென்ட் என்று பெயர். மாணவிகள் பேச்சில் இன்னும் ரஷ்தான்.

தேதி கல்லூரிக்குக் கல்லூரி மாறும். அலபாமா போன்ற தென்மாநிலப் பல்கலைக்கழகங்களில் ஆகஸ்டில், வகுப்பு தொடங்கும் முன்பே முடித்துவிடுவார்கள். வர்ஜீனியா பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் முதல் செமஸ்டர் முடிந்து ஜனவரிக்குப் பக்கம். வெளிநாட்டு மாணவிக்கு ஜனவரி வரம். ஆகஸ்ட் என்றால் கணக்குப் போட வேண்டும்: விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 படிவத்தில் உள்ள தொடக்கத் தேதிக்கு 30 நாளுக்கு முன்னால் அமெரிக்காவுக்குள் நுழைய முடியாது; விடுதி அறை முன்கூட்டியே திறக்க வேண்டும்; வெளிநாட்டு மாணவர்களுக்கான கட்டாய அறிமுக வகுப்பும் அதே வாரத்தில் வந்து விழலாம். இவற்றைச் சரிபார்க்காமல் பதிவுக் கட்டணம் கட்டிவிடாதீர்கள். குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு பணம் திரும்பாது.

பதிவுப் படிவத்தில் புகைப்படம், பள்ளியில் செய்த செயல்பாடுகள், தொண்டு, மதிப்பெண் எல்லாம் கேட்பார்கள். ஜிபிஏ கட்டத்தில்தான் நம் பிள்ளைகள் திணறுவார்கள். பிளஸ் டூ மதிப்பெண்ணை நீங்களே நான்குக்கு மாற்றிப் போடாமல் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஆங்கிலத்தில் எழுத வேண்டிய அதன் சாரம் இப்படி இருந்தால் போதும்:

"வணக்கம். இந்த ஆகஸ்டில் முதலாம் ஆண்டு சேரும் இந்திய மாணவி நான். ரெக்ரூட்மென்டுக்குப் பதிவு செய்ய விரும்புகிறேன். தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் 600-க்கு 561 எடுத்துள்ளேன். எங்கள் பள்ளியில் ஜிபிஏ முறை இல்லை. இதைப் படிவத்தில் எப்படி நிரப்புவது? வெளிநாட்டு மாணவர் அறிமுக வகுப்பு ரெக்ரூட்மென்ட் நாட்களோடு மோதினால் என்ன செய்யலாம்? விடுதிக்கு முன்கூட்டியே வர அனுமதி கிடைக்குமா?"

மூன்று கேள்விக்கும் பதில் எழுத்தில் வந்துவிடும். பிறகு யாராவது மாற்றிச் சொன்னால் காட்டுவதற்கு ஆவணம் இருக்கும்.

முன்னாள் உறுப்பினர் தரும் பரிந்துரைக் கடிதத்துக்காக அலைவது ஒரு காலத்தில் பெரிய வேலை. இப்போது பல சங்கங்கள் அதைக் கட்டாயம் என்பதிலிருந்து எடுத்துவிட்டன. உறுப்பினரின் மகள், தங்கை என்பதற்கான முன்னுரிமையையும் பல சங்கங்கள் கைவிட்டுவிட்டன. அத்தையும் சித்தியும் அங்கே படித்திராத நமக்கு இது நல்ல செய்தி.

இனி சுற்றுகள். கல்லூரிக்கேற்பப் பெயர் மாறினாலும் பெரும்பாலும் நான்கு: எல்லா வீட்டையும் எட்டிப் பார்ப்பது, அவர்களின் தொண்டுப் பணியைப் பற்றிக் கேட்பது, சகோதரித்துவச் சுற்று, கடைசியாக பிரெஃபரன்ஸ். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் நீங்கள் சாப்டர்களை வரிசைப்படுத்த வேண்டும், அவர்கள் உங்களை வரிசைப்படுத்துவார்கள், கணினி பொருத்தும். மறுநாள் காலை உங்கள் பட்டியலில் சில பெயர்கள் காணாமல் போயிருக்கும். கிட்டத்தட்ட இரு வீட்டாருமே வேண்டாம் என்று சொல்லக்கூடிய பெண் பார்க்கும் படலம், பஜ்ஜி சொஜ்ஜி மட்டும்தான் இல்லை. பெரிய வளாகங்களில் ஒவ்வொரு சாப்டரும் எத்தனை பேரை அழைக்கலாம் என்பதையே கடந்த ஆண்டுகளின் கணக்கை வைத்து ஒரு சூத்திரம் சொல்லிவிடும். எனவே முதல் நாள் கழற்றிவிடப்பட்டால் அதில் உங்கள் குறை எதுவும் இல்லாமலே இருக்கலாம்.

உள்ளே நடப்பது பேச்சுதான், வேறொன்றுமில்லை. கதவு திறந்ததும் பாட்டும் கைதட்டலும் காதைப் பிளக்கும். ஒருத்தி உங்களைக் கூட்டிப்போய்ப் பேசுவாள். ஐந்தாறு நிமிடத்தில் இன்னொருத்தி வந்து இடம் மாற்றிக்கொள்வாள். ஒவ்வொருத்தியும் உங்களைப் பற்றித் தன் கருத்தைப் பதிவு செய்வாள். ஆகவே மூன்றாவது ஆளிடமும் முதல் ஆளிடம் பேசிய அதே உற்சாகம் தேவை.

இங்கே நம் வளர்ப்பே நமக்கு எதிரி. அடக்கி வாசித்துப் பழகியவர்கள் நாம்.

"ஓய்வு நேரத்தில் என்ன செய்வாய்?"

"சும்மா கொஞ்சம் டான்ஸ் ஆடுவேன்."

பேச்சு அங்கேயே படுத்துவிடும். எதிரில் இருப்பவளுக்கு எடுத்துக்கொண்டு போக நூல் எதுவும் இல்லை. அதையே இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "எட்டு வருஷம் பரதநாட்டியம் கற்றேன். போன வருஷம் அரங்கேற்றம், இரண்டரை மணி நேரம் தனியாக மேடையில். நடுவில் சலங்கை ஒன்று அறுந்து விழுந்தது, நிறுத்தாமல் ஆடினேன். உங்கள் சாப்டரில் யாராவது ஆடுகிறார்களா?" இதில் தற்பெருமை எதுவும் இல்லை. நடந்ததைச் சொல்கிறீர்கள், கடைசியில் ஒரு கேள்வியும் போடுகிறீர்கள். அந்தச் சலங்கை அறுந்த பெண் என்று இரவு ஓட்டெடுப்பில் நினைவு வைத்துக்கொள்ள அவர்களுக்கும் ஒரு பிடி கிடைக்கிறது.

பெயரையும் தயங்காமல் முழுசாகச் சொல்லுங்கள். யாழினி என்பதை ஒரு தடவை நிறுத்திச் சொல்லிக்கொடுத்தால் கற்றுக்கொள்வார்கள். பல்லவியைப் பாலி என்று நீங்களே வெட்டிக் கொடுக்க வேண்டிய அவசியமில்லை.

பேசக்கூடாதவற்றுக்கு அங்கே ஐந்து 'ப' சொல்வார்கள்: பாய்ஸ், பூஸ், பைபிள், பேலட், பேங்க். ஆண்கள், குடி, மதம், அரசியல், பணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பணத்தைப் பற்றி மட்டும் கேட்டே ஆக வேண்டும் என்பது என் கட்சி. முதல் நாள் வேண்டாம், மூன்றாம் சுற்றில் கேளுங்கள்.

உடையைப் பற்றி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். முதல் சுற்றுக்குப் பெரும்பாலும் அவர்களே டி-ஷர்ட் தருவார்கள், கடைசிச் சுற்றுக்கு விருந்துக்குப் போகிற மாதிரி ஓர் உடை. 2021 ஆகஸ்டில் அலபாமா மாணவிகளின் ரஷ் வீடியோக்கள் டிக்டாக்கில் பரவியதிலிருந்து, ஆயிரக்கணக்கான டாலருக்கு உடை வாங்கினால்தான் கதவு திறக்கும் என்று ஒரு பிரமை. ஆகஸ்ட் வெயிலில் வீடு வீடாக நடக்க நல்ல செருப்பு, தண்ணீர் பாட்டில், கைவிசிறி. இவைதான் உண்மையில் உதவும்.

உங்கள் குழுவுக்கு ஓர் ஆலோசகர் வருவார்; ரோ காமா, பை கை என்று இடத்துக்கேற்பப் பெயர். அவரும் ஏதோ ஒரு சொராரிட்டி உறுப்பினர்தான், ஆனால் அந்தக் காலம் முடியும்வரை எது என்று பெரும்பாலும் சொல்ல மாட்டார். தூண்டித் துருவாதீர்கள். அழுகை வந்தால் அவரிடம் அழலாம், அதற்காகத்தான் இருக்கிறார். அதேபோல, "உனக்கு இடம் உறுதி, எங்களையே முதலில் போடு" என்று எந்த உறுப்பினராவது முன்கூட்டி வாக்குக் கொடுத்தால் அது விதிமீறல். நம்பி மற்றவற்றை விட்டுவிடாதீர்கள்.

கடைசிச் சுற்று முடிந்ததும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவார்கள். இதை நிதானமாகப் படியுங்கள். இதில் எழுதிய சாப்டர் எதிலிருந்து அழைப்பு வந்தாலும் அது உங்களைக் கட்டுப்படுத்தும். மறுத்துவிட்டால் அதே வளாகத்தில் வேறு பான்ஹெலெனிக் சங்கத்தில் ஓராண்டுக்குச் சேர முடியாது. ஆகவே உண்மையிலேயே சேர மனமில்லாத சாப்டரை எழுதவே கூடாது. மறுபக்கம், கடைசிச் சுற்றில் அழைத்த எல்லா சாப்டரையும் எழுதியவர்களுக்குத்தான் கூடுதல் இடங்களில் அமர வாய்ப்பு உண்டு. ஒன்றே ஒன்றை மட்டும் எழுதினால் கிடைத்தால் அது, இல்லாவிட்டால் எதுவும் இல்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2013 செப்டம்பரில் அலபாமா பல்கலைக்கழகத்தின் மாணவர் பத்திரிகையான தி கிரிம்சன் ஒயிட், தகுதியுள்ள கறுப்பின மாணவியை நிறத்துக்காகவே சில சொராரிட்டிகள் ஒதுக்கியதை அம்பலப்படுத்தியது. நாடே பேசியது, பல்கலைக்கழகம் சேர்க்கையை மீண்டும் திறக்க வைத்தது. அதற்குப் பிறகு நிலைமை மாறியிருக்கிறது, எல்லா இடத்திலும் ஒரே அளவில் அல்ல. சாப்டரின் இன்ஸ்டாகிராம் பக்கத்தை மூன்று வருடம் பின்னோக்கி உருட்டிப் பாருங்கள். குழுப் படத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்பது எந்த உரையையும்விடத் தெளிவாகச் சொல்லும்.

வழி இரண்டு: டிவைன் நைன் சங்கங்கள்

2020 ஆகஸ்டில் துணை அதிபர் வேட்பாளராகப் பேசிய கமலா ஹாரிஸ் தன் குடும்பத்தைப் பட்டியலிட்டபோது "சித்தி" என்று சொன்னது தமிழ்நாடு முழுக்க எதிரொலித்தது. அதே பேச்சில் தன் அன்புக்குரிய ஆல்ஃபா காப்பா ஆல்ஃபாவையும் குடும்பம் என்றே சொன்னார். அது நம் காதில் அவ்வளவாக விழவில்லை. சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகள், ஹாவர்டில் படிக்கும்போது 1986-ல் சேர்ந்த சொராரிட்டி அது.

இந்தத் தொகுதியில் பெண்கள் சங்கங்கள் நான்கு. ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா (1908), டெல்டா சிக்மா தீட்டா (1913), ஸீட்டா ஃபை பீட்டா (1920) மூன்றும் ஹாவர்டில் பிறந்தவை. சிக்மா காமா ரோ 1922-ல் இண்டியானாபொலிஸில். கறுப்பினப் பெண்கள் மற்ற கதவுகள் மூடியிருந்த காலத்தில் தாங்களே கட்டி எழுப்பியவை. வேற்று இனத்தவர் சேர விதியில் தடை இல்லை. ஆனால் அந்த வரலாறும் அந்தச் சமூகப் பணியும் உங்களுக்கு ஏன் பொருட்டு என்ற கேள்விக்கு நேர்மையான பதில் கையில் இருக்க வேண்டும். கமலா ஹாரிஸைப் பிடிக்கும் என்பது பதில் ஆகாது.

இங்கே முறையே வேறு. காதும் காதும் வைத்தாற்போல் நடக்க வேண்டும். சேரப் போகிறேன் என்று சமூக வலைதளத்தில் எழுதக் கூடாது. தோழிகளிடம் பரப்பக் கூடாது. உறுப்பினராகாமல் அவர்களின் எழுத்துகள் பொறித்த உடையை அணியக் கூடாது; அவர்களுக்கே உரிய கைச்சைகையையும் கூவலையும் செய்யக் கூடாது. சங்கத்தின் நிறங்களையே தவிர்த்துவிடுவது நல்லது. ஆல்ஃபா காப்பா ஆல்ஃபாவின் நிகழ்ச்சிக்கு ரோஸும் பச்சையும் கலந்த சுடிதாரில் போய் நிற்பதை அவர்கள் ரசிக்க மாட்டார்கள்.

அப்படியானால் ஆர்வத்தை எப்படிக் காட்டுவது? வந்து நிற்பதன் மூலம். அவர்கள் நடத்தும் ரத்ததான முகாம், வாக்காளர் பதிவு, கருத்தரங்கு எல்லாவற்றுக்கும் ஒரு செமஸ்டராவது தொடர்ந்து போங்கள். முடிந்ததும் நாற்காலி அடுக்க உதவுங்கள். தேசிய இணையதளத்தில் உள்ள வரலாற்றையும் தகுதி விதிகளையும் படித்திருங்கள். நாலு தடவை முகம் பழகிய பிறகு ஓர் உறுப்பினரிடம் தனியாக, "உங்கள் சங்கத்தைப் பற்றி இன்னும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்" என்று ஒரு வரி. அதற்கு மேல் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். சேர்க்கை எல்லா ஆண்டும் நடக்காது. நடக்கும்போது தகவல் கூட்டத்துக்கு அறிவிப்பு வரும். அங்கே மதிப்பெண் சான்று, தொண்டு செய்ததற்கான சான்று, பரிந்துரைக் கடிதங்கள், ஏன் சேர விரும்புகிறீர்கள் என்ற கடிதம் ஆகியவை தேவைப்படும். முதல் ஆண்டில் தொண்டு செய்த மணி நேரத்தையெல்லாம் கையெழுத்தோடு சேர்த்து வைத்திருந்தால் அப்போது அலைச்சல் மிச்சம்.

வழி மூன்று: தெற்காசியச் சங்கங்களும் பொறியியல் சங்கங்களும்

தெற்காசிய மாணவிகள் தங்களுக்கென்று சங்கம் தொடங்கியது 1990-களின் இறுதியில். டெக்சாஸின் ஆஸ்டினில் காப்பா ஃபை காமா, ஹூஸ்டனில் டெல்டா ஃபை ஒமேகா, நியூயார்க்கில் சிக்மா சிக்மா ரோ மூன்றும் 1998-ல் தொடங்கியவை. பொறியியல் மாணவிகளுக்கு 1983-ல் மார்க்கெட் (Marquette) பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆல்ஃபா ஒமேகா எப்சிலானும், 1984-ல் பர்டூவில் தொடங்கிய ஃபை சிக்மா ரோவும் உண்டு. இரவு முழுக்கப் புரோகிராமிங் பாடத்தோடு மல்லுக்கட்டும் பெண்ணுக்கு, அதையே செய்துகொண்டிருக்கும் பெண்களின் நடுவில் இருப்பது தனி ஆறுதல்.

இந்தச் சாப்டர்கள் சின்னவை. புது ஆள் தேவை அவர்களுக்கும் உண்டு. செமஸ்டர் தொடங்கிய முதல் சில வாரங்களில் ரஷ் வைப்பார்கள்: தகவல் கூட்டம், விளையாட்டு மாலை, பிறகு நேர்காணல். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது இங்கே நேரடியாகப் பொருந்தும். சாப்டர் பக்கத்தில் ஆர்வப் படிவம் இருந்தால் நிரப்புங்கள். இல்லாவிட்டால் செய்தி அனுப்புங்கள்:

"ஹாய், என் பெயர் கயல். முதலாம் ஆண்டு, உயிரியல். மாணவர் அமைப்புகள் கண்காட்சியில் உங்கள் மேசையில் பேசினேன். குடும்ப வன்முறை பற்றிய உங்கள் நிகழ்ச்சியைக் குறித்துச் சொன்னீர்கள். இந்த செமஸ்டரில் ரஷ் இருக்கிறதா? அதற்கு முன் நான் வரக்கூடிய நிகழ்ச்சி ஏதாவது உண்டா?"

நீங்கள் யார், எங்கே அவர்களைப் பார்த்தீர்கள், என்ன கேட்கிறீர்கள். அவ்வளவுதான். "நான் மிகவும் கடின உழைப்பாளி" வகையறாவை நேர்காணலுக்குக்கூட வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை: தெற்காசியர் என்றாலே தமிழ் தெரிந்தவர்கள் என்று நினைத்துப் போகாதீர்கள். பாலிவுட் பாட்டும் கர்பாவும்தான் பொதுமொழியாக இருக்கும் சாப்டர்கள் பல. அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கும் இங்கிருந்து போகிறவர்களுக்கும் இடையே ஒரு மெல்லிய கோடு இருக்கும். நேரில் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பணம்

இது மட்டும் வீட்டில் முன்கூட்டியே பேசப்பட வேண்டும். வீடில்லாத சின்ன சாப்டரில் செமஸ்டருக்குச் சில நூறு டாலரில் முடியலாம். பெரிய வீடுள்ள சாப்டரில் ஆண்டுக்குப் பல ஆயிரம் ஆகலாம். முதல் செமஸ்டரில் எப்போதும் அதிகம், ஏனென்றால் சேர்க்கைக் கட்டணம், பேட்ஜ் கட்டணம் எல்லாம் அதில் விழும். மாதச் சந்தாவை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். வீட்டில் தங்காதவர்களும் வீட்டுக்காகக் கட்ட வேண்டிய தொகை எவ்வளவு, சாப்பாட்டுக் கட்டணம் கட்டாயமா, கூட்டத்துக்கு வராவிட்டால் அபராதமா, தவணை உண்டா, இவை ஒவ்வொன்றையும் கேளுங்கள். இரண்டாம் ஆண்டில் அந்த வீட்டில் தங்கியே ஆக வேண்டுமா என்பது எல்லாவற்றிலும் முக்கியம். பல ஊர்களில் அடுத்த ஆண்டுக்கான வாடகை ஒப்பந்தத்தை முந்தைய ஆண்டின் கடைசியிலேயே போட்டுவிடுவார்கள். இரண்டு இடத்துக்கும் வாடகை கட்டுகிற நிலை வரக்கூடாது.

எல்லை மீறினால்

புது உறுப்பினரைத் துன்புறுத்தும் ஹேஸிங் பெரும்பாலான மாநிலங்களில் குற்றம். தேசிய அமைப்புகள் அனைத்தும் தடை செய்துள்ளன. டிவைன் நைன் சங்கங்கள் பழைய பிளெட்ஜிங் (சேருமுன் நடத்தும் சோதனைக் காலம்) முறையை 1990-லேயே முடிவுக்குக் கொண்டுவந்தன. 2024 டிசம்பரில் கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டம், விதிமீறிய அமைப்புகளின் விவரத்தைக் கல்லூரிகள் வெளியிட வேண்டும் என்கிறது. ஆகவே உங்கள் கல்லூரியின் பக்கத்தில் அந்த அறிக்கையைத் தேடி, நீங்கள் விரும்பும் சாப்டரின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். நள்ளிரவில் கூப்பிடுவது, கைபேசியைப் பிடுங்கி வைப்பது, அதிகாரப்பூர்வமற்ற கணக்குக்குப் பணம் அனுப்பச் சொல்வது, யாரிடமும் சொல்லாதே என்பது, இவற்றில் ஒன்று நடந்தாலும் அது முறையான சேர்க்கை அல்ல.

குடி விஷயத்தில் உங்கள் நிலை அமெரிக்கத் தோழியின் நிலை அல்ல. சட்டப்படி வயது 21. குடித்துவிட்டு வண்டி ஓட்டிக் கைதானால் அவளுக்கு அபராதத்தோடு போகலாம். உங்களுக்கு விசாவே ரத்தாகலாம்.

அழைப்பு வந்தால், வராவிட்டால்

சேர அழைப்பதற்குப் பெயர் பிட். பான்ஹெலெனிக் முறையில் எல்லோருக்கும் ஒரே நாளில் வரும். வராதவர்கள் அன்று விடுதியில் அடைந்து கிடக்க வேண்டாம்: இடம் மீதமுள்ள சாப்டர்கள் செமஸ்டர் முழுக்க முறைசாராமல் ஆள் சேர்க்கும். எந்தெந்த சாப்டர் என்று அலுவலகத்தில் கேட்டு, வழி மூன்றில் சொன்ன அதே பாணியில் செய்தி அனுப்பலாம். கூட்டமும் இரைச்சலும் இல்லாத அந்த முறையில்தான் அமைதியான சுபாவமுள்ள பெண்கள் நன்றாகப் பேசுவார்கள் என்பது என் அபிப்பிராயம்.

பிட்டை ஏற்றவுடன் நீங்கள் முழு உறுப்பினர் ஆகிவிடுவதில்லை. சில வாரம் புது உறுப்பினர் காலம், பிறகுதான் சடங்கோடு முழு உறுப்பினர் பதவி. யோசிக்க வேண்டியதை அந்த இடைவெளியில் யோசித்துவிடுங்கள். பான்ஹெலெனிக் சங்கம் ஒன்றில் சடங்கு முடிந்துவிட்டால் அந்தத் தொகுதியின் வேறெந்தச் சங்கத்திலும் ஆயுளுக்கும் சேர முடியாது. அதற்கு முன்னால் விலகுகிறீர்கள் என்றால் வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டு நின்றுவிடாமல், சாப்டர் தலைவிக்கு மின்னஞ்சலில் எழுதி, அலுவலகத்துக்கு ஒரு நகல் அனுப்பி, இனி கட்டணம் எதுவும் பாக்கி இல்லை என்று எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.